சேலைக்கட்டு சுமந்த ஸ்டூல்

"இந்தச் சேலைக்கட்டை என் தலையில் ஏற்றினவன் எவன்?" என்று சீறியது ஜவுளிக்கடை ஸ்டூல். "வேலையாட்கள் உட்கார இடம் வேணும்னு சட்டம் வந்ததும் என்னை வாங்கினாங்க. போட்டோ பிடிச்சு ஆபீசருக்கு அனுப்பினாங்க. அதுக்கப்புறம் ஒருத்தரையும் உட்கார விடலை."

"நின்னா என்னடா? நான் நிக்கலையா?" என்றது வாசலில் சேலை கட்டி நின்ற பொம்மை.

"உனக்குக் கால் வீங்குமாக்கா? சேலை எடுத்துக் காட்டுற மரியபுஷ்பத்துக்கு இது ஏழாம் மாசம். காலையிலேர்ந்து நிக்கிறா."

அப்போது மரியபுஷ்பம் தள்ளாடி மேசையைப் பிடித்தாள். பொம்மைக்கே பொறுக்கவில்லை. "சாய்ஞ்சுடுடா தம்பி," என்றது.

ஸ்டூல் சாய்ந்தது. கட்டு தரையில் சரிந்தது. முதலாளி ஓடிவந்து ஸ்டூலை நிமிர்த்திவிட்டு, கட்டைத் திரும்பத் தூக்கினார்.

"அதைக் கீழேயே போடுங்க முதலாளி," என்றது ஸ்டூல். "முதல்ல அந்தப் பிள்ளையை உட்காரச் சொல்லுங்க."