மாடி அறைப் பேச்சு

தையல்காரம்மாவும் அவள் கணவரும் கடல் கடந்து போய், ஓர் அநாதை இல்லத்திலிருந்து அக்கா தங்கை இருவரைத் தத்தெடுத்து வந்தார்கள். வந்த புதிதில் இரண்டும் மாடி அறையில் உட்கார்ந்து தங்கள் பாஷையில் கிசுகிசுத்துச் சிரிக்கும். அம்மா எட்டிப் பார்த்தால் கப்சிப். வீட்டுப் பேச்சு நாக்கில் ஏற ஏற, பழைய பாஷை சுவடில்லாமல் போனது.

பெண்கள் வளர்ந்து வேலைக்கென்று வெளியூர் போனார்கள். கணவரும் காலமானார். பிறகு ஒரு மதியம், தையல் மெஷினை நிறுத்தியபோது மாடியில் அந்தக் கிசுகிசுப்பு கேட்டது. ஏறிப் போனால் வெற்றுக் கட்டில்கள். அவளுக்குப் பயம் வரவில்லை. மறுநாளிலிருந்து மெஷினைக் கொஞ்சம் சீக்கிரமே நிறுத்தினாள்.

விடுமுறைக்கு வந்த பெரியவளிடம் சொன்னாள்.

"பக்கத்து வீட்டுப் பிள்ளைங்களா இருக்கும்மா."

"அங்க பூனைகூட இல்லடி. உங்க பழைய பாஷைதான். என்ன பேசிக்கிறீங்கன்னு கேட்டுச் சொல்லேன்."

"எனக்கு அதுல ஒரு வார்த்தைகூட ஞாபகம் இல்லம்மா" என்றவள், சோபாவில் சாய்ந்ததும் அசந்து தூங்கிவிட்டாள்.

மாடியில் கிசுகிசுப்பு தொடங்கியது. நடுவே ஒரு குரல் ஏதோ கேட்டது. பெரியவள் கண்ணைத் திறக்காமலே, தூக்கத்தில், அதே பாஷையில் மளமளவென்று பதில் சொன்னாள். மேலே சிரிப்பு நின்றது. கொஞ்ச நேரத்தில் சின்ன வெறுங்கால்கள் படியிறங்கும் சத்தம் கேட்டது.

அம்மா மகளை எழுப்பவில்லை. மடியில் கிடந்த துணியை ஓரமாகப் போட்டாள். கத்தரிக்கோலையும் ஊசிகளையும் எடுத்து, பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வைத்தாள்.