பொட்டு வைத்த சி.டி.

“பொட்டை அழிக்காதம்மா டீச்சர்! ராசி பூடும்!”

வேதாசலம் போட்ட சத்தத்தில், மேடைக்குக் கீழே நாற்காலி போட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கம்ப்யூட்டர் டீச்சர் சோபியா கையிலிருந்த பஞ்சை அப்படியே நிறுத்தினாள். அவள் பிடித்திருந்த சி.டி.யின் பளபளப்பான பக்கத்தில் வட்டமாகச் சந்தன குங்குமப் பொட்டுகள். ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் ஒன்று.

“சார், இந்தப் பக்கத்தைத்தான் கம்ப்யூட்டர் படிக்கும். பொட்டு இருந்தா படிக்காது.”

“அப்ப ஒண்ணே ஒண்ணு வுட்டு வை. நடுவுல, ஓட்டைகிட்ட.”

உத்திரமேரூரில் கம்ப்யூட்டரை ஜெயித்தவர் என்றால் அது வேதாசலம்தான். ஊருக்கு முதல் கம்ப்யூட்டர் சென்டர் வந்த காலத்தில், இந்த சி.டி.யில் இருந்த செஸ் ஆட்டத்தில் கம்ப்யூட்டரைத் தோற்கடித்தார். அதன்பிறகு அவருடைய நெல் மண்டியில் யாராவது மூட்டை என்ன விலை என்று கேட்டால்கூட, கண்ணை மூடி யோசித்துவிட்டுத்தான் பதில் சொல்வார்.

இப்போது இந்தப் பள்ளியில் ‘மூளை வளப் பயிற்சி இயக்குநர்’ என்று ஒரு பதவி அவருக்குக் காத்திருந்தது. தாளாளர் தாமோதரன் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார். இன்றைய விழாவில், பெற்றோர்கள் முன்னால், பெரிய திரையில், வேதாசலம் கம்ப்யூட்டரை மறுபடி ஜெயிக்க வேண்டும். இதெல்லாம் ஒரு நிபந்தனையா என்று வேதாசலம் போன வாரமே மண்டியைத் தம்பி பெயருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்.

பள்ளிக்குப் புதிதாக வந்த கம்ப்யூட்டர்களில் புது விண்டோஸ். பழைய ஆட்டம் அதில் ஓட மறுத்தது.

சோபியா சி.டி.யை உள்ளே தள்ளினாள். திரையில் ஒரு கட்டம் வந்து நின்றது.

“இன்னா சொல்லுது?”

“ஒரிஜினல் சி.டி.யைப் போடச் சொல்லுது சார். யாரும் காப்பி அடிக்கக் கூடாதுன்னு உள்ளே ஒரு பூட்டு வெச்சிருக்காங்க. இது மேல மார்க்கர்ல ‘செஸ்’னு எழுதியிருக்கே, இது காப்பி. பழைய விண்டோஸ்ல எப்படியோ ஓடியிருக்கு.”

“சி.டி. காப்பியா இருந்தா இன்னா? ஜெயிச்ச ஆளு ஒரிஜினல். அத்தச் சொல்லு அதாண்ட.”

சோபியா அதை அதனிடம் சொல்லவில்லை. “புது விண்டோஸைப் பழைய விண்டோஸ் மாதிரி நடிக்க வெக்கலாம் சார். ஆட்டம் ஏமாந்தா ஓடும்.”

“நடிப்பா? எனக்கு நடிப்பே புடிக்காது” என்றார் வேதாசலம், நெற்றிப்பொட்டில் ஆள்காட்டி விரலை வைத்துக்கொண்டு.

விண்டோஸ் நடித்தது. ஆட்டம் ஏமாறவில்லை.

கூட்டம் சேர்ந்துவிட்டது. “இன்னும் சில நொடிகளில்” என்று மைக்கில் நாலைந்து முறை சொல்லிவிட்ட தாளாளர், மைக்கைக் கையால் மூடிக்கொண்டு வந்தார்.

“ஓடுமா, ஓடாதா? ஐயங்கார்குளத்துலேந்து ஒரு யோகா மாஸ்டர் வந்து முன்வரிசையில உக்காந்திருக்காரு. ஓடலேன்னா பதவி அவருக்கு.”

வேதாசலத்தின் சட்டை முதுகில் ஒட்டியது. மண்டிச் சாவியைத் தம்பி இடுப்பில் செருகிக்கொண்ட காட்சி கண்ணில் வந்து போனது.

“சார், புது விண்டோஸ்லயே வேற செஸ் இருக்கு. அதைப் போடட்டுமா?” என்றாள் சோபியா.

“வாணாம்!” அவர் குரல் கிறீச்சிட்டது. உடனே தணித்துக்கொண்டார். “இந்த ஆட்டத்துக்குத்தான் நான் யாருன்னு தெரியும். பத்து மூவு போவட்டும், அதோட ராணி தானா வந்து என் சிப்பாய் வெட்டற கட்டத்துல நிக்கும். வெட்டிக்கோ நைனான்னு. ஒரு தபா இல்ல, எப்ப ஆடினாலும். பயம்மா. மெஷினுக்கும் பயம் கீது.”

“வூட்ல பூனைகூட பயப்படறதில்ல” என்றாள் முன்வரிசையில் அவர் மனைவி சிட்டம்மாள், பக்கத்தில் இருந்தவளிடம்.

சோபியா இன்டர்நெட்டில் துழாவிக்கொண்டே இருந்தாள். திடீரென்று நிமிர்ந்தாள். “சார்! இந்த ஆட்டத்தைச் செஞ்ச கம்பெனியே புது விண்டோஸுக்காக ஒரு சின்ன புரோகிராம் விட்டிருக்காங்க. காப்பி சி.டி.யா இருந்தாலும் ஓடுமாம். இறக்கட்டுமா?”

“எறக்கு, எறக்கு!”

பச்சைக் கோடு நத்தையாக நகர்ந்தது. பாதியில் நின்றது. வேதாசலம் நடுவில் விட்டு வைத்த பொட்டை நினைத்துக் கையெடுத்துக் கும்பிட்டார். கோடு மறுபடி நகர்ந்தது.

டொய்ங் என்று இசை. பெரிய திரை முழுக்கச் சதுரங்கப் பலகை!

கைதட்டல் கூரையைப் பிளந்தது. தாளாளர் பொன்னாடையைப் போர்த்தியே விட்டார். “இனிமே எவன் வந்தாலும் பாத்துக்கலாம்” என்று வேதாசலம் யோகா மாஸ்டரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்து, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

பலகையின் மேல் ஆங்கிலத்தில் ஓர் அறிவிப்பு வந்தது. படித்த சோபியாவின் முகம் மாறியது. அதை மூட அவசரமாகக் கையை நீட்டினாள்.

“இருங்க டீச்சர்!” தாளாளர் தடுத்தார். “பெற்றோர்களுக்கு ஆங்கிலம் தெரியாது. நான் மொழிபெயர்க்கிறேன்.” தொண்டையைக் கனைத்து, மைக்கை உயர்த்தினார்.

“அன்பார்ந்த ஆட்டக்காரரே! தங்களிடம் இருப்பது காப்பி சி.டி. ஆயினும் பழைய ஆட்டம் என்பதால் தங்களை மன்னித்து, எல்லாப் பூட்டுகளையும் நீக்கிவிட்டோம்.”

மறுபடி கைதட்டல். வேதாசலம் பெருந்தன்மையாகத் தலையை அசைத்தார்.

“காப்பி அடித்தவர்களைக் கேலி செய்ய நாங்கள் வைத்திருந்த ஏற்பாடும், அதாவது பத்து நகர்த்தல் ஆனதும் கம்ப்யூட்டர் தன் ராணியைத் தானே வெட்டக் கொடுத்துவிடும் ஏற்பாடும், இத்துடன் ரத்து. இனி கம்ப்யூட்டர் தங்களுடன் உண்மையாகவே விளையாடும்.”