பெல்ட் கழற்றிய நேரம்

இருதயராஜ் கனமாக எதையாவது தூக்கக் குனிந்தாலே, ஆஸ்பத்திரியில் அவன் வயிற்றில் கட்டிவிட்ட சென்சார் பெல்ட் 'பீப், பீப்' என்று அலறும். குடல் ஆபரேஷனுக்குப் பிறகு வயிற்றுத் துளையின் மேல் ஒட்டியிருக்கும் மலப்பையைச் சுற்றி, குடல் பிதுங்கி ஹெர்னியாவாகப் புடைத்திருந்தது. கொஞ்சம் முக்கினாலும் பையின் ஓரம் விட்டுக் கசியும். தோல் ஏற்கெனவே ரணமாகக் கிடந்தது.

மூன்று வயது மகள் ஷைனியைத் தூக்கக் குனிந்தபோதெல்லாம் பெல்ட் அலறியது. அதோடு இணைத்திருந்த மனைவி மெர்சியின் போனும் சேர்ந்து அலறியது.

"பிள்ளையத் தூக்காதீங்கன்னா கேக்க மாட்டீங்களா?" என்று அவள் ஓடிவருவாள்.

இன்று மெர்சி குளிக்கப் போனதும் பெல்ட்டைச் சத்தமில்லாமல் கழற்றினான். பையின் ஓரத்தை விரலால் அழுத்திவிட்டுக்கொண்டான்.

"வாம்மா, அப்பா தூக்குறேன்."

ஷைனி ஓடிவந்தாள். அவன் கை பட்டதும் விறைத்து நின்றாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு, பெல்ட்டைப் போலவே அலறினாள்: "பீப்! பீப்! பீப்!"