பத்துக்குப் பத்து

"எழும்பின உடனே ஒரு சிகரட் பத்தவைக்காட்டி எனக்குக் கை நடுங்கும் மிஸ்."

சேலை மறைப்புக்கு இந்தப் பக்கம் தண்ணீர்க் குடத்தோடு நின்ற கண்ணகைக்கு உயிரே போய்விட்டது. அது அவள் மகன் மூர்த்தியின் குரல். பதினாறு வயது, ஒன்றே ஒன்று கண்ணே கண்ணு என்று வளர்த்த பிள்ளை.

கொக்கட்டிச்சோலையில் ஷெல்லடிக்குத் தப்பி ஓடிவந்து, நாவற்குடாவில் ஒரு பள்ளிக்கூடத்தில் அகதியாகக் கிடந்து மூன்று மாதம். ஒரு வகுப்பறையைச் சேலையால் பிரித்து ஆறு குடும்பம். இரண்டு கிழமையாக நிவாரணமும் வரவில்லை. இன்றைக்கு வந்ததெல்லாம் மேர்சி என்ற தாதிப் பெண்தான். பொடியன்களைச் சிகரட் எவ்வளவு தூரம் பிடித்திருக்கிறது என்று பத்துக் கேள்வி கேட்டு அளக்கிறாளாம்.

"விட்டுப் பாத்து ஏலாமப் போயிருக்கா தம்பி?"

"ஓம் மிஸ். நாலு தரம்."

"சிகரட் இல்லாட்டி வீட்டு ஆக்களோட எரிஞ்சு விழுவீங்களா?"

"ஓம்."

"சிகரட் பத்தக் கூடாத இடத்தில அடக்கிக்கொண்டு இருக்கிறது கஷ்டமா?"

"சரியான கஷ்டம். இதோட எத்தனை ஓம் மிஸ்?"

"ஒன்பது."

வெட்கங்கெட்டவன், அதையும் எண்ணிக் கேட்கிறான் பாருங்கள்.

அடக்கிக்கொண்டு இருக்க முடியாமல்தானே இவன் அப்பனும் போனான்? ஊரடங்கு என்று தெரிந்தும், "ஒரு சிகரட்தானே, இந்தா வாறன்" என்று படலையைத் திறந்துகொண்டு போன மனிசன். பதினொரு வருஷமாகிறது. பிடித்தார்களா, சுட்டார்களா, எங்கே போட்டார்கள் என்று ஒரு சொல் சொல்ல ஆளில்லை.

அந்தச் சனியனை வாயில் வைக்கவே மாட்டேன் என்று போன வைகாசிச் சடங்கில்தான் அம்மன் வாசலில் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் பண்ணினான் இவன். பெற்றவளையும் ஏமாற்றி, அம்மனையும் ஏமாற்றிவிட்டான். நினைக்க நினைக்கக் கண்ணகைக்கு வயிறு பற்றி எரிந்தது. புருஷன் போனபோதுகூட இப்படி எரியவில்லை.

"கடைசிக் கேள்வி தம்பி. இந்தப் பழக்கம் உங்களைப் பிடிச்சிட்டுது எண்டு நினைக்கிறீங்களா?"

"நல்லாப் பிடிச்சிட்டு மிஸ். அப்ப எல்லாமே ஓம்தானே?"

"பத்துக்குப் பத்து." மேர்சியின் குரல் இறங்கிப்போயிற்று. "இந்தச் சின்ன வயசில பத்து எடுத்த பிள்ளையை நான் இண்டைக்குத்தான் பாக்கிறன்."

குடம் கையை விட்டு நழுவியது. கண்ணகை சேலையை விலக்கிக்கொண்டு பாய்ந்து போய் மகனின் கன்னத்தில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

"கொப்பனைத் திண்ட சிகரட்டுக்கு நீயும் வாயத் திறந்திட்டியாடா? உன்ன நம்பித்தானே நான் உசிரோட இருக்கன். இப்பிடித் துரோகம் செய்ய உனக்கு எப்பிடி மனசு வந்த?"

அடுத்த கை ஓங்கியபோது மேர்சி பாய்ந்து பிடித்துக்கொண்டாள். "அடிக்காதீங்க அம்மா. ஒளிக்காம உண்மையச் சொன்ன பிள்ளை. மற்றப் பொடியன்கள் எல்லாம் மழுப்பிப்போட்டுப் போறாங்க."

"உண்மையாம் உண்மை" என்று தலையில் அடித்துக்கொண்டு கண்ணகை நிலத்திலேயே குந்திவிட்டாள். கண்ணீர் நிற்கவில்லை.

மேர்சி படிவத்தில் எதையோ எழுதக் குனிந்தாள். கன்னத்தைத் தடவிக்கொண்டே மூர்த்தி தாயின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். மிஸ்ஸை ஒருமுறை பார்த்துவிட்டு, காதோடு காதாகச் சொன்னான்.

"மெல்லமா அழுங்க அம்மா, போனமுறை எழுத வந்தவங்களும் இல்லாததையும் கூட்டிச் சொன்ன ஆக்களுக்குத்தானே கோதம்ப மா குடுத்தவங்க."