ஆட்டோ ரிவர்ஸ்

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் ஞானதுரை சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். கேசட் பத்திரமாக இருந்தது. தோஹாவிலிருந்து அவன் ராஜபாளையத்துக்கு லீவில் வந்ததே இந்தக் கேசட்டை நம்பித்தான். பெண்டாட்டி பிள்ளையைப் பார்ப்பதெல்லாம் அதற்கு அடுத்தபடி.

அங்கே அவனும் ஆவுடையப்பனும் ஒரே கம்பெனி, ஒரே அறை. கட்டிலுக்கும் கட்டிலுக்கும் நடுவே ஒரு முழம்தான் இடம். பக்கத்துப் பக்கத்து ஊர்க்காரர்கள் என்று முதல் மாதம் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். பிறகு ஏ.சி.யைக் கூட்டுவதா குறைப்பதா என்று தகராறு. அறைக்குள் கருவாடு வறுக்கலாமா கூடாதா என்று தகராறு. ஆவுடையப்பன் புதிதாக ஆட்டோ ரிவர்ஸ் டேப் ரெக்கார்டர் வாங்கியது இன்னொரு தகராறு. ஒரு பக்கம் முடிந்தால் கேசட்டைத் திருப்பிப் போட வேண்டாமாம், தானாகவே மறுபக்கம் பாடுமாம், நாம் நிறுத்தினால்தான் நிற்குமாம். அந்தப் பெருமையைக் கேட்டுக் கேட்டு ஞானதுரைக்குக் காது புளித்துவிட்டது.

அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டான். ராத்திரியில் ஆவுடையப்பன் செய்கிற காரியத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. கேட்டால், "நானா? சும்மா பழி போடாதல" என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்கிறான். கேம்ப் அதிகாரியிடம் சொன்னால் சிரிக்கிறார், சாட்சி உண்டா என்கிறார். அந்தப் பாவியால் ஞானதுரைக்கு வேலையில் இரண்டு முறை வார்னிங் வந்தாயிற்று. இன்னொன்று வந்தால் ஊருக்கு விமானம் ஏற்றிவிடுவார்கள். ஆவுடையப்பனாக அறையைக் காலி செய்தால்தான் பிழைப்பு.

பார்த்தான் ஞானதுரை. ஒரு நாள் அவனுடைய புது செட்டிலேயே, அவனுக்கே தெரியாமல், நடந்ததை முழுசாகப் பதிவு செய்துவிட்டான்.

ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டில் ஆவுடையப்பனின் மனைவி வெள்ளத்தாய்தான் கதவைத் திறந்தாள். ஆள் பாதியாக இளைத்திருந்தாள். கண்ணுக்குக் கீழே கருவளையம்.

"வாங்க அண்ணாச்சி. அவிய சுகமா இருக்காவளா? அவிய போனதுல இருந்து எனக்குப் பொட்டுத் தூக்கம் கெடையாது."

"அவனுக்கென்ன தங்கச்சி, ராசா மாதிரி இருக்கான்." கேசட்டை எடுத்து ஸ்டூலில் வைத்தான். "உம் புருசன் அங்க ராத்திரில பண்ணுத அக்கிரமம் அம்புட்டும் இதுல இருக்கு."

அவள் முகம் வெளிறியது. "அவியளா? அப்படி என்ன அண்ணாச்சி பண்ணுனாவ?"

"எவ்வாயால சொல்ல மாட்டேன். தனியா இருக்கும்போது நீயே போட்டுக் கேளு. இதே மாதிரி இன்னொண்ணும் எங்கிட்ட இருக்கு."

வெள்ளத்தாயின் கை கழுத்துச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டது. "உங்களுக்கு இப்ப என்ன வேணும்?"

"காசு பணம் ஒண்ணும் வேண்டாம் தாயி. அவன் எங்கூட இருக்கப்பிடாது, ரூமை விட்டுப் போயிரணும். நான் சொன்னாக் கேக்க மாட்டான், நீ சொன்னாக் கேப்பான். நாக்கைப் புடுங்கிக்கிடுத மாதிரி ஒரு கேசட்டுல பேசிக் குடு. நானே கொண்டு போயிக் குடுக்கேன்."

அப்போதெல்லாம் கடிதத்துக்குப் பதில் கேசட்டில் பேசி, லீவு முடிந்து போகிறவர்கள் கையில் கொடுத்துவிடுவதுதான் வழக்கம்.

"மாட்டேன்னு சொன்னா?"

"பஜார்ல சவுண்ட் சர்வீஸ் வச்சிருக்கவன் எம் மச்சான். ஆடிப்பூரம் தேருக்கு ரத வீதி பூரா அவன் குழாய்தான். அவங்கிட்ட அந்த இன்னொண்ணைக் குடுத்தேன்னு வையி, ஊரே கேக்கும்."

தெருவுக்கு வந்த பிறகு அவனுக்கே கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனாலும் மனசு லேசாகிவிட்டது. அரைக் கிலோ பால்கோவா வாங்கி, ராஜபாளையம் வருவதற்குள் பஸ்ஸிலேயே பாதியைத் தின்று தீர்த்தான்.

அடுத்த வாரம் மறுபடி போனான். வெள்ளத்தாயின் முகம் உப்பியிருந்தது. கண்ணெல்லாம் சிவப்பு. நண்பகலாகியும் தலை வாரவில்லை. பாவம், அழுது தீர்த்திருக்கிறாள் என்று அவனுக்கு இரக்கமாக இருந்தது.

"கேட்டியா தங்கச்சி?"

"கேட்டேன் அண்ணாச்சி. நாலஞ்சு நாளா அதைத்தான் போட்டுக்கிட்டுக் கெடக்கேன்." தொண்டை கம்மியிருந்தது. ஒரு கேசட்டை நீட்டினாள். "அவியளுக்கு என் பதில் இதுல இருக்கு. படுத்த பொறவுதான் போட்டுக் கேக்கணும்னு சொல்லிருங்க. மறந்துராதிய."

"மறப்பேனா? மச்சான்கிட்டயும் ஒண்ணும் குடுக்க மாட்டேன், பயப்படாத" என்று பெரிய மனசோடு வாங்கிக்கொண்டான்.

தோஹா போய் இறங்கிய அன்றே கேசட்டைக் கொடுத்தான். விளக்கை அணைத்துப் படுத்ததும் ஆவுடையப்பன் அதைப் போட்டான். ஞானதுரை போர்வைக்குள் காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தான்.

"என்னங்க," வெள்ளத்தாயின் குரல் குழைந்தது. "நீங்க குறட்டை விடுதத அண்ணாச்சி பதிஞ்சு கொண்டாந்து குடுத்தாவ. இத்தன நாளா அந்தச் சத்தம் இல்லாமத்தான் எனக்குத் தூக்கமே வரல. இப்பத் தலைமாட்டுல போட்டுக்கிட்டுப் படுத்தா, எந்திரிக்கவே மனசு வரமாட்டேங்கு. எஞ் சத்தம் இல்லாம நீங்களும் அங்க தவிச்சுக்கிட்டுத்தான கெடப்பிய? அதான் நான் தூங்கும்போது பதிஞ்சு அனுப்பியிருக்கேன், தெனமும் போட்டுக்கிட்டுப் படுங்க. உங்களை ரூமை மாத்தச் சொன்னாவ. மாத்திராதிய. நம்ம சத்தத்தை இம்புட்டுத் தூரம் சொமந்து வார மனுசர் வேற எங்க கெடைப்பாவ?"

சற்று நேரத்தில் டேப்பிலிருந்து ஒரு குறட்டை கிளம்பியது. பக்கத்துக் கட்டிலிலிருந்து இன்னொன்று அதற்குப் பதில் சொன்னது. இந்தப் பக்கம் முடிந்தாலாவது விடிவு உண்டு என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தான் ஞானதுரை.

முடிந்தது, 'க்ளிக்' என்று ஒரு சத்தம், செட் தானாகவே மறுபக்கத்தைத் தொடங்கியது.