நாலு கம்பிக்கு ஒரு சேவல்

தணிகைவேலுக்கு முதுகு கணுக் கணுவாக வலித்தது. ராத்திரி முழுக்கக் கல்பாக்கத்தில் கான்கிரீட் சட்டி தூக்கிவிட்டு வந்தவன், புதுப்பட்டினத்தில் தன் வீட்டு வாசலைத் தாண்டி நேராகப் பக்கத்து வீட்டுக்குள் நுழைந்தான். கண் இரண்டும் மிளகாய் அரைத்துப் பூசினதுபோல எரிந்தது.

"மாஸ்டர், அந்தக் குட்டி கிட்டார எனக்குக் குடுத்துடு."

ஞானதாஸ் மாஸ்டர் பாயில் உட்கார்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். மகாபலிபுரத்துக் கடற்கரை ஓட்டலில், ராத்திரி வெள்ளைக்காரர்கள் மீன் தின்கிற நேரத்தில் வாசித்துச் சம்பளம் வாங்குகிறவர். அவர் கண்ணும் சிவந்துதான் இருந்தது.

"அது கிட்டாரு இல்லடா. யுகுலேலே."

"லேலேவோ வாலேவோ! அது இல்லாம நான் வூட்டுக்குப் போமாட்டேன்."

"தொழில்காரன் கை பட்ட கட்டைடா இது. மெட்ராஸ்ல எத்தினி கல்யாணம், எத்தினி கச்சேரி பாத்துது தெரியுமா?" மாஸ்டர் அதை மடியில் போட்டு, நாலு கம்பியையும் ஒரே இழுப்பாக இழுத்தார். டொய்ங்ங்ங்.

தணிகைவேலுக்குப் பல் கூசியது. ஆனாலும் வாயெல்லாம் சிரிப்பாக நின்றான். "அதான் மாஸ்டர்! நீ வாசிக்கிறத பகல் பூரா படுத்துகினே கேட்டுகினு கீறேன். தூக்கமே வரல, போ!"

மாஸ்டருக்கு மனசு இளகிவிட்டது. "ஓட்டல்காரன் புதுசு ஒண்ணு வாங்கிக் குடுத்துட்டான். அத்த அங்கியே வச்சிப் பூட்டிட்டு வரணுமாம். இந்தப் பழசத் தள்ளிவுடலாம்னுதான் கீறேன். வாங்குறவன் வர்ற வரைக்கும் கை சும்மா இருக்காது. இன்னிக்கு சாயங்காலம் வரைக்கும் தட்டிகினு இருப்பேன்."

"ஐயோ, வேணாம் மாஸ்டர்! இப்பவே குடுத்துடு. எவ்ளோ டப்பு வேணும்?"

"டப்பு வேணாம்." மாஸ்டர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். குட்டிச்சுவரின்மேல் தணிகைவேலின் சேவல், ஊருக்கே மணியக்காரன் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றது. "அந்தச் சேவலக் குடு."

"சேவலா?"

"இன்னா தொண்டை! இன்னா சுதி! ஒரு கலைஞனோட அரும இன்னொரு கலைஞனுக்குத்தான்டா தெரியும்."

தணிகைவேல் தலையைச் சொறிந்தான். வீட்டில் கேட்டுவிட்டுக் கொடுக்கலாம் என்றால், பெண்டாட்டி மாரியம்மா விடிந்ததுமே களையெடுக்கப் போய்விட்டாள். அவள் வந்தால் வசவு விழும். விழட்டும், எத்தனை வசவு வாங்கின உடம்பு!

ஓடிப்போய்ச் சேவலை அமுக்கினான். அதன் கழுத்திலும் காலிலும் மஞ்சள் அப்பியிருந்தது. முந்தாநாள் மேலத்தெருச் சேவலோடு மல்லுக்கு நின்றுவிட்டு வந்தது. காயத்துக்கு மாரியம்மா பூசியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டான். ஒரு கையால் சேவலைக் கொடுத்து, மறு கையால் யுகுலேலேயைப் பிடுங்கிக்கொண்டான்.

வீட்டுக்கு வந்து அதன் வயிற்று ஓட்டைக்குள் சாம்பார் வெங்காயத்தைக் கொட்டி ஆணியில் மாட்டினான். பாட்டாவது ஒன்றாவது! ராத்திரி ஷிப்டுக்குப் போக ஆரம்பித்த நாளிலிருந்து, இவன் தலையைச் சாய்க்கிற நேரம் பார்த்துத்தான் அந்த மனுஷன் சாதகம் பண்ணுவார். இன்றைக்குப் பக்கத்து வீட்டில் ஈ பறக்கிற சத்தம்கூட இல்லை. படுத்தவன் அடித்துப் போட்ட மாதிரித் தூங்கினான்.

பொழுது சாயும்போது மூக்குதான் முதலில் முழித்தது. கறிக்குழம்பு! வாசலில் மாஸ்டர், தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்தவர்போல முகம் தெளிந்து, தூக்குச் சட்டியோடு நின்றார்.

"தணிகை, கலைஞன் கிலைஞன்னு சொன்னதெல்லாம் சும்மாடா. ஓட்டல்லேர்ந்து பின்ராத்திரி வந்து நான் கண்ண மூடுறதுக்குள்ள உன் சேவலு கூவிடுது. தூக்கம் போன கடுப்புலதான் பகல் பூரா தட்டிகினு கெடந்தேன். அடிச்சிக் கொழம்பு வச்சிட்டு, இப்பதான் நல்லாத் தூங்கி எழுந்தேன். இந்தா, கால் துண்டு உனக்கு."

தணிகைவேல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "மாஸ்டர்! உன் டொய்ங்கு தாங்காமத்தான் நானும் வாங்கினேன். இப்ப அதுக்குள்ள வெங்காயம் கீது!"

இரண்டு பேரும் ஒருத்தர் தோளை ஒருத்தர் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் தூக்குச் சட்டியே கவிழப் பார்த்தது. சிரித்து முடித்துத் தின்ன உட்கார்ந்தார்கள்.

காலில் சேறோடு வந்த மாரியம்மா வாசலிலேயே நின்று காதைத் தீட்டினாள். "இன்னாய்யா, டொய்ங்கு சத்தத்தையே காணோம்?"

"மாஸ்டரோட கம்பிப் பொட்டிய நானே வாங்கிட்டேன்மே! இனிமே டொய்ங்கும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. வெயில் சாயிற வரைக்கும் தூங்கினேன். தொற வாய!" நல்ல சதையாகப் பார்த்து ஒரு துண்டை அவள் வாயில் திணித்தான்.

மென்றுகொண்டிருக்கும்போதே அவள் முகம் பூத்தது. சேறு காயாத கையைத் தூக்கிக் கோயில் இருக்கிற திக்கைப் பார்த்துக் கும்பிட்டாள். "கன்னியம்மா கண்ணத் தொறந்துட்டாய்யா! போ, நம்ப சேவலப் புடிச்சிகினு வா. இப்பவே கோயிலுக்குப் போவணும்."

"சே... சேவலு எதுக்குமே?"

"சத்தம் நின்னு நீ தூங்கிட்டா, அத்த ஆத்தாளுக்கே தர்றேன்னு மஞ்ச பூசி நேந்துகினு கீறேன்ல!"

மாஸ்டர் கையிலிருந்த எலும்பை மெதுவாகச் சட்டிக்குள்ளேயே திரும்பப் போட்டார். தணிகைவேல் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். மாரியம்மா சட்டியைப் பார்த்தாள், காலியான குட்டிச்சுவரைப் பார்த்தாள். வாயில் இருந்ததைத் துப்பவும் மனசில்லாமல் மடக்கென்று விழுங்கினாள்.

"யோவ், ஆத்தாளுக்கு ஒரு சேவல் பாக்கிய்யா!"