கரைக்கல்

“ஆதாரம் காட்டுடான்னு நாலு பேர் முன்னாடி கேட்டேம்மா. வாயே திறக்கல. திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி நின்னான்.”

தையல்காரர் ஆவண அறை அம்மாவிடம் சொன்னது தன் தம்பியைப் பற்றி. அப்பா கட்டிய இரண்டு வீடுகளில் கால்வாய்ப் பக்கத்து வீடு இவருக்கு, தெருப் பக்கத்து வீடு தம்பிக்கு. நடுவே தம்பி எழுப்பிய சுவர் ஆறடி தன் பக்கம் ஏறி நிற்கிறது என்று இவருக்கு வயிற்றெரிச்சல். அரை அங்குலம் பிசகினாலே பிரித்துத் தைக்கிறவர் ஆறடியை விடுவாரா? பதினோரு வருஷம் பேச்சில்லை. போன மாதம் தம்பி செத்தபோதுகூட அந்த வாசற்படியை மிதிக்கவில்லை.

பழைய கால்வாய் வரைபடத்தில் எல்லை துல்லியமாக இருக்கும் என்று யாரோ சொல்ல, ஆவண அறைக்கு வந்துவிட்டார். முதல் வேலையாகச் சான்றிட்ட நகலுக்கு எழுதிக் கொடுத்தார். நகல் கேட்டால் ஒரு பிரதி கால்வாய்த் துறைக்கும் போகும், ஆக்கிரமிப்பு இருந்தால் இடிப்பார்கள், பிறகு நிறுத்த முடியாது என்று ஆவண அறை அம்மா எச்சரித்தார்.

“போகட்டும்மா. அவன் சுவரை அவங்களே வந்து இடிக்கட்டும்.”

அந்த அம்மா முத்திரை குத்திவிட்டு, துணியில் ஒட்டிய வரைபடத்தை மேசையில் விரித்தார். இன்றைக்குச் சாக்கடையாகச் சுருங்கிக் கிடக்கும் கால்வாய், அதில் நாற்பதடி அகலத்துக்கு நீலமாக ஓடியது. கரையின் எல்லையாக ஒரு கல் குறித்திருந்தது.

“இந்தக் கல்லு இப்பவும் இருக்குதாய்யா?”

“இருக்கு. அதுமேலதான் சுவரைக் கட்டியிருக்கான்.”

“அப்போ அவர் சரியாத்தான் கட்டியிருக்கார். அவர் வீடு கரையில இருக்கு.” அந்த அம்மாவின் குரல் தணிந்தது. “உங்க வீடுதான்யா, முழுசா கால்வாய்க்குள்ள இருக்கு.”

தையல்காரர் விண்ணப்பத்தைத் திருப்பிக் கேட்டார். பதிவாகிவிட்டது, இனி இடிக்கச் சொல்லி நோட்டீஸ் வரும் என்று சொல்லி, வரைபடத்தைப் பார்த்ததற்குக் கையெழுத்துப் போட அதனுடைய ஏட்டை நீட்டினார் அந்த அம்மா.

ஏட்டில் இவருக்கு முன்னால் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. பதினோரு வருஷத்துக்கு முந்தைய தேதி, தம்பியின் கையெழுத்து.

‘நகல் தேவையா?’ என்ற கட்டத்தில், ‘வேண்டாம்’ என்று எழுதியிருந்தான்.